மலைக்குள் புகுந்த பீப்பாய்

1

ஐம்பத்து நான்கு வயது. தலையில் கம்பளித் தொப்பி. மடியில், அன்றைக்குத்தான் பாஸ் பண்ணிய ஜெர்மன் பரீட்சையின் தாள். இந்தக் கோலத்தில் போன மாசி மாதம் சுவிட்சர்லாந்து ரயில் ஒன்றில், பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்த படம் ஒட்டிய அமைதிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் தொண்டை கிழியக் கூவினேன்.

இலங்கையில் எங்கள் பதுளைப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ரயில் குகைக்குள் நுழைந்தது, மனுசன் கூவினான், அவ்வளவுதான். மற்ற ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து எங்கள் மலைக்கு ஏறி வரும் ரயில் குகைக்குள் புகும்போதெல்லாம் பெட்டியில் இருக்கிறவர்கள் 'ஹூ' என்று கூவுவார்கள். ஒரு பெட்டி கூவினால் அடுத்த பெட்டி பதில் கூவும். இளவட்டங்கள் கூவும், கல்யாணமாகித் தொந்தி வைத்தவர்களும் கூவுவார்கள். கூவாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் 'ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று பக்கத்தில் இருப்பவர் விசாரிப்பார்.

இங்கே அப்படியில்லை. குகைக்குள் போனாலும் பெட்டியில் விளக்கு எரியும். குகை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இருபத்தாறு வருடமாக நானும் கம்மென்றுதான் போய்வந்தேன். அன்றைக்கு ஏதோ கோளாறு. ரயில் உள்ளே நுழைந்ததும் விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. கும்மிருட்டு. அசல் எங்கள் ஊர்த் தெமோதரை இருட்டு. என் சம்மதத்தைக் கேட்காமலே வாய் திறந்துகொண்டது.

கூவி முடித்துவிட்டு, பழக்க தோசம், பதிலுக்காகக் காத்திருந்தேன். ஒரு பெட்டியும் பதில் சொல்லவில்லை. விளக்கு வந்தது. எதிர் இருக்கையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர், பேப்பரைத் தாழ்த்தி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த என் மகள் நிலானி எழுந்து நான்கு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். போகும்போது காதோடு சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அப்பா, இறங்குமட்டும் நீங்கள் ஆரோ, நான் ஆரோ. விளங்குதோ?"

அவள் தமிழ் அம்மா வழித் தமிழ். என் மனைவி தவமணியின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு உத்தியோகம் பார்க்க வந்த கிளார்க். நான் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளை. எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்பது வேறு கதை. வீட்டில் எந்தத் தமிழ் ஜெயித்தது என்பது மட்டும் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

2

இதில் சிரிக்க என்ன இருக்கிறதோ இல்லையோ, பயப்பட நிறைய இருந்தது. அப்போது என் குடியுரிமை விண்ணப்பம் நகரசபையில் கிடந்தது. இங்கே அந்த விண்ணப்பத்தைப் பார்க்க ஊர்க்காரர்களே ஒரு குழுவாக உட்காருவார்கள். மொழி தெரிகிறதா, ஊரைத் தெரிகிறதா, அக்கம்பக்கத்தில் ஒழுங்காக நடந்துகொள்கிறானா என்று பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால்கூட அவர்கள் காதுக்குப் போகும் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு பேச்சு. அமைதிப் பெட்டியில் கூவுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

அது என் இரண்டாவது முயற்சி. இரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் போனோம். தவமணியும் நிலானியும் சிவப்பு பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் தவறினேன். அதற்கும் ஒரு குகைதான் காரணம்.

குழுத் தலைவி நல்ல அம்மா. பதறாமல் பேச வேண்டும் என்பதற்காக லேசான கேள்வியாகத்தான் கேட்டார். "ஹெர் பெரியசாமி, உங்களுக்குத் தெரிந்த முக்கியமான ரயில் சுரங்கப் பாதை ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்."

சுவிட்சர்லாந்தில் சுரங்கப் பாதைக்கா பஞ்சம்? கொட்ஹார்ட் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் தெமோதரையில் பிறந்தவனிடம் ரயில் குகையைப் பற்றிக் கேட்டால் அவன் வாயில் வேறு என்ன வரும்? எங்கள் ஸ்டேசனை விட்டுப் புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் குகைக்குள் புகுந்து பதுளைக்குப் போவதை விளக்கினேன். அவர்களுக்கு விளங்கவில்லை. தலைவியின் மூக்குக் கண்ணாடிக் கயிற்றை இரவல் வாங்கி மேசையில் வளைத்துப் போட்டு, தண்ணீர்க் கிளாஸை ஸ்டேசனாக வைத்து, பேனாவை ரயிலாக ஓட்டினேன். கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் காட்டித்தான் வெள்ளைக்கார இன்ஜினியருக்கு அந்த யோசனையே வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வதையும் விடவில்லை. குழு வாயைப் பிளந்து கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. உள்ளூர் அறிவு போதாது, ஜெர்மன் இன்னும் கொஞ்சம் வேண்டும், இரண்டு வருடம் கழித்து வரவும்.

அதற்குப் பிறகு சூரிச் விமான நிலையத்தில் என் குடும்பம் என்னைக் கைவிட்டது. அவர்கள் இருவரும் ஒரு வாசலால் சட்டென்று போய்விடுவார்கள். நான் வெளிநாட்டுக்காரர் வரிசையில், காலைப் பெரட்டு வரிசையில் நிற்கிற தோட்டத்து ஆள் மாதிரி, பெயர் கூப்பிடும்வரை நிற்பேன். அந்தப் பக்கம் நிலானி பைகளோடு நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள்.

இதை விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு வலித்தது. எங்கள் அப்பா பெரியசாமி பிறந்தது தெமோதரையில், செத்ததும் தெமோதரையில். நடுவில் பாதி ஆயுசுக்கு அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. மலைநாட்டில் எத்தனையோ குடும்பத்துக் கதை அது. இந்தியாக்காரன் என்று இலங்கை சொன்னது. இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. கடைசியில் இலங்கைக்காரர்தான் என்று கையில் கொடுத்த காகிதத்தை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டி, மழைக் காலத்தில் எடுத்து அடுப்பங்கரையில் காய வைப்பார். அவர் மகன் நான். கடிதத்தில் 'போதாது' என்ற சொல்லைப் படித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

3

"இஞ்சேருங்கோ, அடுத்த முறையும் அந்த ரனலைப் பற்றித்தான் கேப்பினம். முழுசாப் படிச்சிட்டுப் போங்கோ" என்றாள் தவமணி. டன்னல் அவள் வாயில் ரனல்.

படி என்றால் படித்துவிடுகிற ஆள் நான். நாட்டில் உள்ள குகைகளின் பெயரையெல்லாம் இரண்டு மாதத்தில் மனப்பாடம் செய்தேன். பிறகும் ஆசை அடங்கவில்லை. டன்னல் என்கிற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன்.

அதற்கு என் வேலைத்தலம் வாகான இடம். முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடம். பாதி ஐரோப்பா அங்கே படுக்கை விரிப்பு மடிக்கிறது. ஒவ்வொருவரிடமும் கேட்டேன். போர்த்துக்கல் மரியா 'துனெல்' என்றாள். போலந்துக்காரனும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னான். நம் சுவிஸ் ஆட்கள் எழுதுவது ஜெர்மன்காரன் மாதிரி, ஆனால் அழுத்தத்தைச் சொல்லின் வாலில் வைத்து 'துனெல்ல்' என்று இழுப்பார்கள். இத்தாலிக்காரர் மட்டும் 'கலேரியா' என்றார். படம் மாட்டி வைக்கிற கூடத்துக்கும் அதே பெயர்தானே என்றேன். "இரண்டுக்குள்ளும் மனிதர் வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள்" என்றார். அவர் எங்கள் ரயிலில் வந்ததில்லை. ஸ்லோவேனியாக்காரி 'ப்ரெதோர்' என்று சொல்லி, துளைத்துக்கொண்டு போவது என்று விரலால் காற்றைக் குத்திக் காட்டினாள். நல்ல சொல். பெயரிலேயே வேலை இருக்கிறது.

கடைசியாகக் கிரேக்கப் பெண் எலேனி வந்தாள். "சீரங்கா" என்றாள்.

கையில் இருந்த தலையணை உறை கீழே விழுந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சீரங்கா. சுரங்கம்! அன்று வீட்டுக்குப் போனதும் நிலானியைப் பிடித்து உட்கார வைத்து நூலகத்துக் கனத்த சொல்லகராதியைப் பிரிக்கச் சொன்னேன். சுரங்கம் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. வடமொழிக்கு அது கிரேக்கத்திலிருந்து, குழல் என்று பொருள்படும் 'சிரின்க்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர்களில் ஒரு சாரார் சொல்கிறார்களாம். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொண்டேன். மறுநாளே எலேனியைச் சொந்தக்காரியாக்கி, பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அப்பா, இதைச் சோதினையில கேக்கமாட்டினம்" என்றாள் நிலானி.

"பரவாயில்ல, டன்னல எடு."

முனகிக்கொண்டே எடுத்தாள். வாசிக்க வாசிக்க முனகல் நின்றுவிட்டது. அந்தச் சொல்லின் வரலாறு அப்படிப்பட்டது.

ஆதியில் அது தோல் என்கிறார்கள். ஐரோப்பாவின் பழங்குடிகள் தோலில் பை தைத்து அதில் ஒயின் ஊற்றி வைத்தபோது பிறந்த சொல்லாக இருக்கலாமாம். பை போய்ப் பீப்பாய் வந்ததும் பெயர் பீப்பாய்க்குத் தாவியது. பிரெஞ்சுக்காரன் பீப்பாயைத் 'தோனெல்' என்றான். பீப்பாய் மாதிரி வளைத்துக் கட்டிய கொடிப் பந்தலுக்கும் அதை ஒட்டியே பெயர் வைத்தான். கம்பி வளையங்களை வரிசையாக நிறுத்தி அதன்மேல் வலை போர்த்தி, வாய் அகலமாகவும் போகப்போக ஒடுக்கமாகவும் செய்து கௌதாரி பிடித்தான். அந்த வலைக்கும் அதே பெயர். வலைதான் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே கொஞ்ச நாள் கௌதாரி பிடித்தது. பிறகு வேலை மாறி, வீட்டுப் புகைக்கூண்டில் புகை போகிற குழாயாகப் பிழைத்தது. பிறகு படகு போகிற வாய்க்காலுக்காக மலையைக் குடைந்தபோது அந்தத் துளைக்குப் பெயராயிற்று. ரயில் வந்ததும் அதற்கு நல்ல காலம். பட்டம் கட்டிக்கொண்டு ரயிலோடு ரயிலாகப் பிரான்சுக்கே திரும்பி வந்து இறங்கியது.

பிரெஞ்சுக்காரனுக்குத் தன் பீப்பாயை அடையாளம் தெரியவில்லை. இங்கிலீஷ்காரன் சொல் என்று நினைத்து மரியாதையோடு உள்ளே எடுத்துக்கொண்டான். இன்றைக்கும் பீப்பாய்க்கு ஒரு சொல், பந்தலுக்கு ஒரு சொல், குகைக்கு 'துனேல்' என்று தனித்தனியாக வைத்திருக்கிறான். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

நிலானி புத்தகத்தை மூடிவிட்டு, "பாவம், என்ன?" என்றாள். பாவம்தான். வெளிநாடு போய்த் திரும்பியவன் பாடு அப்படித்தான்.

கேட்டதை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெமோதரை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் செல்லையாவுக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னால் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அப்ப, பீப்பாயா போயி பொந்தா திரும்பி வந்துச்சுன்னு சொல்ற."

"ஆமாண்ணே."

"சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியல."

"ஆமாண்ணே."

"இதுக்குப் புஸ்தகம் வேற படிக்கணுமாக்கும்? வெளிநாட்டுலேருந்து லீவுல வர்றவனுங்கள எங்கட கடையில வந்து பாரு" என்றார். அண்ணனுக்குப் பட்டப்பெயர் வைக்கிற வாய். நம் பீப்பாயே போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்தான், மரியாவும் அதைப் 'பீப்பா' என்றுதான் சொல்கிறாள் என்றேன். "அப்ப அந்தப் புள்ளையும் சொந்தமா? பொங்கலுக்குப் பெரிய பானையா வையி" என்று போனை வைத்துவிட்டார்.

4

இவ்வளவு படித்துவிட்டு, ஜெர்மன் பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டு வருகிற வழியில்தான் அந்தக் கூவல். வைகாசியில் என்னை மறுபடி நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் அதே தலைவி, அதே தண்ணீர்க் கிளாஸ். பக்கத்தில் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர். வெள்ளைத் தாடி. மூக்குக் கண்ணாடி.

ரயில் பெரியவர்.

'ஹெர் பெரியசாமி' என்று அவர் கூப்பிட்டபோது அப்பாவைக் கூண்டில் ஏற்றிய மாதிரி இருந்தது. இந்த நாட்டில் என் பெயரைக் கேட்பாரில்லை. அப்பா பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர்.

முதல் கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். தலைவி சுரங்கப் பாதையைக் கேட்டார். கொட்ஹார்ட் என்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே தன் கண்ணாடிக் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார், புத்திசாலி. பிறகு தாடிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"மாசி மாதம், அமைதிப் பெட்டியில் ஒருவர் சத்தமிட்டார். அது நீங்கள்தானா?"

வீட்டில் எனக்கு இரண்டு விதமாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாராவது கேட்டால் இருமல் என்று சொல்லச் சொன்னாள் தவமணி. "ஆள் மாறிப்போச்சு எண்டு சொல்லுங்கோ, அவைக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்தான்" என்றாள் நிலானி. இரண்டும் நல்ல யோசனை. ஆனால் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மனிதரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"நான்தான்" என்றேன். "ஆனால் அது சத்தம் இல்லை, கேள்வி."

என் ஜெர்மன் அனுமதித்த அளவுக்குச் சொன்னேன். எங்கள் லயம் குகைக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். ரயில் இல்லாத நேரம் பார்த்துக் குகைக்குள்ளால் நடப்போம். நடக்கக் கூடாது, நடப்போம். நுழையும் முன் வாசலில் நின்று ஒரு கூவல் கூவ வேண்டும். உள்ளே ஆளிருந்தால் பதில் கூவ வேண்டும். இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் இருக்க அதுதான் வழி. பதில் கூவாமல் இருப்பதைப் போல மரியாதைக் கேடு எங்கள் ஊரில் வேறு கிடையாது. வேலிச் சண்டையில் முகம் பார்க்காத பங்காளிகள்கூடக் குகைக்குள் பதில் கூவுவார்கள்.

"முகம் பார்க்காதவர்களுமா?" என்றார் தாடிக்காரர்.

"ஆமாம். வெளியே வந்ததும் திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்."

தலைவிக்குச் சிரிப்பு வந்தது. "நம் ஊர் மாதிரியே" என்றார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிச்சல் வந்தது. இரண்டு வருடப் படிப்பை வீணாக்கலாமா? டன்னல் என்பது முதலில் கௌதாரி வலை என்று உங்களுக்குத் தெரியுமா என்றேன். அவர்களுக்குத் தெரியவில்லை. தோலிலிருந்து தொடங்கி, பீப்பாய், பந்தல், வலை, புகைக்கூண்டு என்று ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன். "வலைக்குள் போகிற கௌதாரி வாயை மூடிக்கொண்டு போகுமா, ஐயா?"

தாடிக்காரர் நெடுநேரம் எழுதினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். "அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை, இல்லையா?"

"இல்லை."

"எனக்குத் தெரிந்திருக்கவில்லை" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

5

ஆடியில் கடிதம் வந்தது. நிலானி உரக்க வாசித்தாள். பெரியசாமி என்ற குடும்பப் பெயர் கொண்ட இன்னாருக்கு இந்த ஊரின், கன்டோன் என்கிற இந்த மாநிலத்தின், இந்த நாட்டின் உரிமை வழங்கப்படுகிறது. ஒரே காகிதத்தில் மூன்று உரிமை. எங்கள் அப்பாவுக்கு ஒன்று கிடைக்கவே தலை நரைத்தது. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீரை வீணாக்குவதாகத் தவமணி கதவைத் தட்டினாள்.

மார்கழி விடுமுறையில் மூன்று சிவப்பு பாஸ்போர்ட்டோடு ஊருக்குப் புறப்பட்டோம். சூரிச்சில் மூவரும் ஒரே வாசலால் போனோம். நிலானி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கட்டுநாயக்கவில் இறங்கியதும் அங்கேயும் மூவரும் ஒரே வரிசைதான், வெளிநாட்டவர் வரிசை. போன தடவை வரைக்கும் அந்த விமான நிலையத்தில் நான் மட்டும் ராசாவாட்டம் சொந்த நாட்டு வரிசையில் போய் அவர்களுக்காகக் காத்திருப்பேன். அதிகாரி முத்திரை குத்திவிட்டு, இலங்கையைச் சுற்றிப் பார்த்து மகிழுங்கள் என்றார்.

தெமோதரையில் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் பதுளையில் தவமணியின் சொந்தக்காரர்களைப் பார்க்க ரயில் ஏறினோம். அண்ணனும் கூட வந்தார். பெட்டி நிறைய ஆட்கள். ரயில் ஸ்டேசனை விட்டு நகர்ந்து மலையைச் சுற்றத் தொடங்கியது. தேயிலை நிரையும் எங்கள் பழைய லயத்துத் தகரமும் தெரிந்தன. நான் ஜன்னலோரம் போனில் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ரயில் ஸ்டேசனுக்குக் கீழே குகைக்குள் புகுந்தது. இருட்டு. பெட்டி முழுவதும் கூவியது. எல்லாருக்கும் மேலாக ஒரு குரல் என் காதுக்குப் பக்கத்திலேயே கிளம்பியது. நிலானி! என்னை ஆரோ என்று சொன்ன பிள்ளை, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துப் பெட்டைகளோடு சேர்ந்து கூவுகிறாள். அடுத்த பெட்டி பதில் கூவியது. அவள் அதற்கும் பதில் கூவினாள்.

திடுக்கிட்டுப்போன என் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது.

"ஷ்ஷ்ஷ்!"

ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். அப்போதுதான் கவனித்தேன். அமைதிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தில் உள்ளது மாதிரியே என் விரல் உதட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. மெதுவாக இறக்கினேன்.

அண்ணன் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தவமணி பக்கம் திரும்பி, ரயிலடியில் சாமான் இறக்குகிற ஆள் மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"தங்கச்சி, பீப்பா வந்து எறங்கிருச்சு!"